டிரிப்டோஃபானைச் சிதைக்கும் நொதி பி செல்களை அடக்குகிறதா, தூண்டுகிறதா?

நீங்கள் கேட்டதை எனக்குப் புரிந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அக்காவுக்கு முடக்குவாதம், டாக்டர்கள் ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்வது. டிரிப்டோஃபானைச் சிதைக்கும் ஐடிஓ என்ற நொதி, ஆன்டிபாடி செய்யும் பி செல்களைத் தூண்டி மூட்டு நோயை வளர்க்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்தீர்கள். அதே நொதி நோயெதிர்ப்பை அடக்கி உடலைக் காக்கிறது என்று இன்னொன்றில் இருந்தது. இரண்டில் எது சரி, அந்த நொதியைத் தடுத்தால் நோய் அடங்குமா, டிரிப்டோஃபான் நிறைய உள்ள பால், முட்டை, நிலக்கடலையை அக்கா நிறுத்திவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். முதல் கேள்வி உயிரியல் சார்ந்தது, கடைசிக் கேள்வி சாப்பாட்டுத் தட்டு சார்ந்தது. முதல் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தாலும் அதிலிருந்து நேராகக் கடைசிக் கேள்விக்குத் தாவ முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். நான் பல வருடம் எலிகளையும் பி செல்களையும் வைத்து நோயெதிர்ப்பு ஆய்வு செய்தவன். மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் உடலால் தயாரிக்க முடியாத, சாப்பாட்டில் இருந்தே கிடைக்க வேண்டிய அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபான் ஒன்று. உடல் சிதைக்கும் டிரிப்டோஃபானில் சுமார் 95 சதவீதம், கைனுரெனின் என்ற பொருளாக மாறும் பாதையில் போகிறது. எல்லாரும் பேசும் செரடோனினாக மாறுவது ஓரிரு சதவீதம்தான். கைனுரெனின் பாதையின் முதல் படியைச் செய்ய மூன்று நொதிகள் உண்டு. டிடிஓ பெரும்பாலும் கல்லீரலில் இருந்துகொண்டு, சாப்பாட்டோடு வரும் டிரிப்டோஃபானின் அளவைச் சீராக வைக்கிறது. ஐடிஓ1 சாதாரண நாட்களில் குறைவாகவே இருக்கும். தொற்றோ அழற்சியோ வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் பொருள் சுரந்தால், டென்ட்ரிடிக் செல்கள், மேக்ரோஃபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் வேகமாகப் பெருகும். மூன்றாவதான ஐடிஓ2, 2007இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதன் மரபணு 8ஆம் குரோமோசோமில் ஐடிஓ1 மரபணுவை ஒட்டியே இருக்கிறது. நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் முரண்படுவதற்குப் பெரிய காரணம், இந்த ஐடிஓ1ஐயும் ஐடிஓ2ஐயும் சேர்த்து 'ஐடிஓ' என்று ஒரே பெயரில் எழுதுவதுதான்.

ஐடிஓ என்றால் அடக்குவது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? 1967இல் ஜப்பானில் ஒசாமு ஹயாய்ஷியின் குழு இந்த நொதியை முயலின் குடலில் கண்டது. 1984இல் அமெரிக்காவில் எல்மர் ஃபெஃபர்கார்ன், மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்கு இன்டர்ஃபெரான் காமா கொடுத்தால் உள்ளே புகுந்த டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி வளராமல் போவதைக் காட்டினார். செல் தன் டிரிப்டோஃபானைத் தானே அழித்துக்கொண்டு ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது என்பது அவர் கண்டது. அப்புறம் 1998இல் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் டேவிட் மன், ஆண்ட்ரூ மெல்லர் குழு செய்த சோதனைதான் துறையையே திருப்பியது. கருவில் இருக்கும் குட்டியில் பாதி தந்தையின் மரபணு. தாயின் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் அதை அந்நியமாகப் பார்த்துத் தாக்க வேண்டும், ஆனால் தாக்குவதில்லை. கர்ப்பமான எலிகளுக்கு ஐடிஓவைத் தடுக்கும் 1-மெத்தில் டிரிப்டோஃபான் கொடுத்தபோது, மரபணு வேறான தந்தைக்கு உருவான கருக்கள் நிராகரிக்கப்பட்டன. மரபணு ஒத்த தந்தையின் கருக்கள் தப்பின. கருவைத் தாயின் நோயெதிர்ப்பிடமிருந்து காக்க ஒரு அமினோ அமிலத்தைச் சிதைப்பதும் ஒரு வழி என்பது அப்போது யாரும் எதிர்பாராதது.

அதன் பிறகு வந்த வேலைகள் எப்படி என்பதை விளக்கின. டிரிப்டோஃபான் குறைந்தால் டி செல்லுக்குள் ஜிசிஎன்2 என்ற உணரி விழித்து, செல் பெருகுவதை நிறுத்துகிறது. எம்டார் என்ற வளர்ச்சிச் சமிக்ஞையும் தணிகிறது. உண்டாகும் கைனுரெனின், ஏஎச்ஆர் என்ற ஏற்பியில் ஒட்டி, டி செல்லை அடக்கும் வகைக்குத் திருப்பிவிடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்தவை. ஆனால் கவனியுங்கள், பேச்சு முழுக்க டி செல்லைப் பற்றியே இருந்தது. ஆன்டிபாடி செய்யும் பி செல்லை இந்தப் பாதையோடு சேர்த்துப் பார்க்க வெகுநாள் யாரும் அக்கறை காட்டவில்லை. முடக்குவாதத்தில் அது பெரிய குறை. அக்காவுக்கு எடுத்திருக்கக்கூடிய ருமடாய்டு ஃபேக்டர், ஆன்டி சிசிபி பரிசோதனைகள் இரண்டுமே பி செல் வழியில் உருவான ஆன்டிபாடிகளைத் தேடுபவை. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் 2006இல் முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த நோயில் பி செல் ஓரமாக நிற்கும் பார்வையாளர் இல்லை.

திருப்பம் 2009இல் பிலடெல்ஃபியாவை ஒட்டியுள்ள லாங்கனாவ் ஆய்வு நிறுவனத்தில், லாரா மாண்டிக்-நாயக் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டது கே/பிஎக்ஸ்என் என்ற எலி. அதன் டி செல்கள் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஐசோமரேஸ் என்ற சாதாரணமான சொந்தப் புரதத்தை எதிரியாகப் பார்க்கும். அவற்றின் உதவியோடு பி செல்கள் அந்தப் புரதத்துக்கு எதிராக ஏராளமாக ஆன்டிபாடி செய்யும், சில வாரங்களில் மூட்டுகள் வீங்கும். இந்த எலியின் சீரத்தை, அதாவது ஆன்டிபாடி உள்ள ரத்தத் தெளிநீரை எடுத்து ஆரோக்கியமான எலிக்கு ஏற்றினாலே அதற்கும் மூட்டு வீங்கிவிடும் என்பதால், ஆன்டிபாடியின் பங்கைத் தனியாகப் பார்க்க இது வசதியானது. ஐடிஓ அடக்கும் நொதி என்றால், நோய் தொடங்கும் முன்பே 1-மெத்தில் டிரிப்டோஃபான் கொடுத்துத் தடுத்தால் நோய் முற்ற வேண்டும். நடந்தது நேர் எதிர். ஆன்டிபாடி குறைந்தது, அழற்சி குறைந்தது. அடக்கும் டி செல்களின் எண்ணிக்கையில் மாற்றம் இல்லை. தன்னையே தாக்கும் பி செல்களின் எதிர்வினைதான் மங்கியிருந்தது.

1-மெத்தில் டிரிப்டோஃபான் ஒரே ஒரு நொதியை மட்டும் தொடும் சுத்தமான கருவி இல்லை. எனவே எந்த நொதி காரணம் என்று அறிய மரபணுவையே நீக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. 2014இல் அதே குழு ஐடிஓ2 இல்லாத எலியில் பார்த்தது. மூட்டு அழற்சி குறைந்தது, நோய் தரும் ஆன்டிபாடியும் அதைச் சுரக்கும் செல்களும் குறைந்தன. இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த எலிகளின் மொத்த இம்யூனோகுளோபுலின் அளவு, அதாவது எல்லா ஆன்டிபாடிகளின் அளவு மாறவில்லை. வெளியிலிருந்து கொடுத்த ஆன்டிஜென் எனும் அந்நியப் பொருட்களுக்கு எதிராக அவை வழக்கம்போல ஆன்டிபாடி செய்தன. அதாவது ஐடிஓ2 இல்லாமை எல்லா பி செல்களையும் முடக்கவில்லை, தன்னுடலைத் தாக்கும் பதிலை மட்டும் குறைத்தது. ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகள் நல்ல பி செல், கெட்ட பி செல் என்று பார்ப்பதில்லை. அதனால்தான் தொற்று பயம் கூடவே வருகிறது. அந்தப் பிரச்சினையோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டும் துறையில் இப்படி ஒரு முடிவு வந்தால் நிமிர்ந்து உட்காரத்தான் தோன்றும். 2016இல் வந்த அடுத்த ஆய்வு, ஐடிஓ2 வேலை செய்யும் இடம் பி செல்லின் உள்ளேயே என்று காட்டியது. அந்த பி செல் டி செல்லோடு நேருக்கு நேர் பேசும்போதுதான் விளைவு தெரிகிறது.

ஐடிஓ1 பக்கம் படம் வேறு மாதிரி. 2012இல் டிரேசி மெக்காஹாவின் குழு, செத்து உதிரும் செல்களை மண்ணீரலின் மேக்ரோஃபேஜ்கள் விழுங்கும்போது ஐடிஓ கிளம்பி, அந்தச் செல்களின் உள்பொருட்களுக்கு எதிராக நோயெதிர்ப்பு எழாமல் பார்த்துக்கொள்கிறது என்று காட்டியது. உடல் தன்னையே தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் வரக்கூடிய எலிகளில் அதைத் தடுத்தால் நோய் வேகமெடுத்தது. லூபஸில் டிஎன்ஏவுக்கும் செல்லின் உட்கருவில் உள்ள புரதங்களுக்கும் எதிராக ஆன்டிபாடி உண்டாவதை நினைத்தால் இது பொருந்திப்போகிறது. 2015இல் அதே குழு, பி செல்லுக்குள் இருக்கும் ஐடிஓ1, டி செல் உதவியில்லாமல் உண்டாகும் ஆன்டிபாடி பதிலைக் கட்டுக்குள் வைக்கிறது என்றும் காட்டியது. கொலாஜன் ஊசி போட்டு உண்டாக்கும் எலி மூட்டுவாதத்தில் ஐடிஓவைத் தடுத்தால் நோய் முற்றுகிறது என்ற முடிவுகளும் உண்டு. ஆக, நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் பொய் சொல்லவில்லை. ஐடிஓ1 பெரும்பாலும் பி செல் பதிலை அடக்கும் பக்கம் நிற்கிறது. ஐடிஓ2 தன்னெதிர்ப்பு பி செல்லைத் தூண்டும் பக்கம் நிற்கிறது. எந்த எலி, எந்த நோய், எந்தக் கட்டம் என்று கேட்காமல் 'ஐடிஓ நல்லதா கெட்டதா' என்று கேட்டால் பதில் வராது.

இப்போது உங்கள் சாப்பாட்டுக் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புள்ள இடத்துக்கு வருகிறேன். ஐடிஓ2, டிரிப்டோஃபானைச் சிதைப்பதில் மிகவும் மந்தமான நொதி. நம் ரத்தத்தில் டிரிப்டோஃபான் சுமார் 50 முதல் 80 மைக்ரோமோலார் வரை இருக்கும். ஐடிஓ1 இந்த அளவிலேயே நன்றாக வேலை செய்யும். ஐடிஓ2க்கோ மில்லிமோலார் கணக்கில், ரத்தத்தில் உள்ளதைப் போல பல மடங்கு டிரிப்டோஃபான் வேண்டும். உடலில் அந்த அளவு எங்கும் இல்லை. அப்படியானால் அது பி செல்லுக்குள் என்னதான் செய்கிறது? 2022இல் லாங்கனாவ் குழு இதை நேராகச் சோதித்தது. ஐடிஓ2வின் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி, சிதைக்கும் திறனை மட்டும் இழந்த புரதத்தைக் கொண்ட எலிகளை உண்டாக்கினார்கள். புரதம் இருந்தது, நொதி வேலை இல்லை. மூட்டுவாதம் அப்போதும் வந்தது. அதாவது இந்த எலியில் ஐடிஓ2 நோயை வளர்ப்பது டிரிப்டோஃபானைச் சிதைப்பதால் அல்ல, செல்லுக்குள் வேறு புரதங்களோடு சேர்ந்து நடத்தும் ஏதோ ஒரு வேலையால். இது உறுதிப்பட்டால், டிரிப்டோஃபான் கூடுவதும் குறைவதும் ஐடிஓ2வின் இந்தப் பக்கத்தைத் தொடவே தொடாது. நொதி வேலையைத் தடுக்கும் மாத்திரைகளும் பயன்படாது. புரதத்தையே பிடித்து நிறுத்தும் ஏதாவது வேண்டும். 2017இல் எலிகளுக்கு ஐடிஓ2வைப் பிடிக்கும் ஆன்டிபாடி கொடுத்து, இரண்டு விதமான மூட்டுவாத மாதிரிகளில் நோயைக் குறைத்தும் காட்டினார்கள். ஐடிஓ2 செல்லுக்கு உள்ளே இருக்கும் புரதம். அந்த ஆன்டிபாடி ஆன்டிபாடியைப் பிடிக்கும், பி செல்லின் எஃப்சி காமா ஏற்பி 2பி வழியாக உள்ளே நுழைகிறது என்பது அவர்கள் விளக்கம்.

உறுதியானது எது, சந்தேகமானது எது என்று இங்கே பிரித்துவிடுகிறேன். ஐடிஓ1 டி செல்லை அடக்குகிறது என்பது உறுதி. ஐடிஓ2 இல்லாத எலிக்கு கே/பிஎக்ஸ்என் வகை மூட்டுவாதம் குறைகிறது என்பது நல்ல சான்றுள்ள முடிவு, ஆனால் பெரும்பகுதி ஒரே குழுவிலிருந்து வந்தது. மனிதனின் முடக்குவாதத்தில் ஐடிஓ2 அதே பங்கை வகிக்கிறது என்பது இன்னும் ஊகம்தான். இந்த ஊகத்தை ஒரு மனிதத் தகவல் சுவாரசியமாக்குகிறது. ஐடிஓ2 மரபணுவில் இரண்டு மாற்றங்கள் மக்களிடையே மிகப் பரவலாக உள்ளன. ஒன்று நொதியின் திறனைச் சுமார் 90 சதவீதம் குறைக்கிறது. மற்றது புரதத்தைப் பாதியில் முடித்துவிடுகிறது. ஐரோப்பிய, ஆசிய வம்சாவளியினரில் 50 சதவீதம் பேர் வரை முழுமையாக வேலை செய்யும் ஐடிஓ2 இல்லாமலேயே இருக்கலாம் என்று 2007இல் கணித்தார்கள். அவர்கள் நலமாகவே வாழ்கிறார்கள், எனவே ஐடிஓ2வைத் தடுப்பது பெரிதாகத் தீங்கு செய்யாது என்று ஒரு நம்பிக்கை. ஆனால் நொதி வேலை போனாலும் நோய் வளர்க்கும் வேலை போகாது என்ற 2022 முடிவோடு சேர்த்துப் பார்த்தால், முதல் வகை மாற்றம் உள்ளவருக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. யாராவது ஐடிஓ2 மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொன்னால் இப்போதைக்குப் பணத்தை வீணாக்காதீர்கள்.

கைனுரெனின், டிரிப்டோஃபான் விகிதம் பற்றியும் படித்திருப்பீர்கள். முடக்குவாதத்திலும் லூபஸிலும் ரத்தத்தில் அந்த விகிதம் கூடியிருப்பது பல ஆய்வுகளில் பார்த்ததே. ஆனால் அழற்சி இருந்தால் இன்டர்ஃபெரான் காமா வரும், அது வந்தால் ஐடிஓ1 பெருகும், அது பெருகினால் விகிதம் ஏறும். தொற்று நோய்களிலும் புற்றுநோயிலும் இதேதான் நடக்கிறது. எனவே அந்த எண் உடலில் அழற்சி இருப்பதைச் சொல்கிறது, பி செல்லைத் தூண்டியது யார் என்று சொல்லவில்லை. போதாக்குறைக்கு, மூட்டுவலிக்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு கல்லீரலில் டிடிஓவைத் தூண்டும் வகை மருந்து. அக்கா ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் அந்த எண்ணில் கலந்திருக்கும்.

டிரிப்டோஃபானில் இருந்து வரும் பொருட்கள் பி செல்லுக்கு எதிரியாகவே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். லண்டனில் கிளாடியா மௌரியின் குழு 2020இல் காட்டியது இது: நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்யும்போது உண்டாகும் பியூட்டிரேட், 5-எச்ஐஏஏ என்ற பொருளைக் கூட்டுகிறது. அது செரடோனின் வழியாக வரும் டிரிப்டோஃபான் வழித்தோன்றல். அது ஏஎச்ஆர் ஏற்பியைத் தட்டி, அழற்சியை அடக்கும் ஒழுங்காற்று பி செல்களை வலுப்படுத்துகிறது. எலிகளில் மூட்டுவாதம் தணிந்தது. இன்னொரு பக்கம், 2024இல் கிறிஸ்டோஃப் ஹெஸ் குழு எப்ஸ்டீன்-பார் வைரஸ் புகுந்த மனித பி செல்களைப் பார்த்தது. வைரஸ் அந்தச் செல்லில் ஐடிஓ1ஐக் கிளப்பி, கைனுரெனின் பாதையின் முடிவில் கிடைக்கும் என்ஏடியை எரிபொருள் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. ஐடிஓ1ஐத் தடுத்தால் பி செல் கட்டுப்பாடின்றிப் பெருகும் நிலைக்கு மாறுவது குறைகிறது. பொதுவாக அடக்கும் பக்கம் நிற்கும் ஐடிஓ1, இங்கே வைரஸுக்குத் துணை போகிறது. எந்தச் செல், எந்தச் சூழல் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலேயே தெரியும். அந்த வைரஸுக்கு, நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், லூபஸ் ஆகியவற்றோடு தொடர்பு பேசப்படுவதால் இந்த வழி வரும் வருடங்களில் சூடாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, தடுப்பு மருந்து. ஐடிஓ1ஐத் தடுக்கும் எபகடோஸ்டாட் மனிதரில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது, ஆனால் புற்றுநோய்க்கு. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள 706 பேரில், பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தோடு சேர்த்துச் சோதித்தார்கள். 2018இல் வந்த முடிவு, கூடுதல் பலன் இல்லை. அங்கே நோக்கமே நோயெதிர்ப்பை அவிழ்த்துவிடுவது. அதே மருந்தை ஆட்டோ இம்யூன், அதாவது உடல் தன்னையே தாக்கும் நோய் உள்ளவருக்குக் கொடுப்பது, அடக்கும் பக்கம் நிற்கும் ஐடிஓ1ஐ அணைப்பதாகிவிடும். எனவே 'ஐடிஓ தடுப்பான்' என்ற பெயரில் எது கிடைத்தாலும் அக்கா அதைத் தொட வேண்டாம். ஐடிஓ2 ஆன்டிபாடி எலி ஆய்வில்தான் தன்னைக் காட்டியிருக்கிறது.

உணவுக்கு வருவோம். ஃப்ளோரிடாவில் லாரன்ஸ் மோரல் குழு 2020இல் லூபஸ் வரும் எலிகளுக்கு டிரிப்டோஃபான் குறைந்த தீனி கொடுத்தபோது நோய் தணிந்தது, கூட்டியபோது ஏறியது. அங்கே குடல் பாக்டீரியாக்களின் பங்கு பெரிது. இதைப் படித்துவிட்டுத்தான் பலர் பால், முட்டையை நிறுத்துகிறார்கள். எலிக்குக் கொடுப்பது ஆய்வகத்தில் கலந்த, டிரிப்டோஃபான் மட்டும் அளந்து குறைத்த தீனி. வீட்டுச் சமையலில் டிரிப்டோஃபானை மட்டும் எடுக்க முடியாது, புரதம் முழுவதுமே போய்விடும். முடக்குவாதத்தில் தசை ஏற்கெனவே கரைகிறது. ஸ்டீராய்டு எடுத்தால் எலும்பும் தேயும். அந்த நிலையில் பால், முட்டை, பருப்பை நிறுத்துவது நிச்சயமான நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு நிச்சயமில்லாத லாபத்தைத் தேடுவது. மேலும் உடல் டிரிப்டோஃபானில் இருந்து நியாசினும் செய்துகொள்கிறது. சுமார் 60 மில்லிகிராமில் இருந்து ஒரு மில்லிகிராம் கிடைக்கும். தக்காணத்தில் சோளத்தையே பிரதானமாகச் சாப்பிட்ட ஏழை மக்களிடம் பெல்லாக்ரா என்ற நியாசின் குறைபாட்டு நோய் வந்ததை ஊட்டச்சத்து விஞ்ஞானி சி. கோபாலன் ஹைதராபாத்தில் ஆராய்ந்தது இந்தப் பாதையைச் சுற்றித்தான்.

நேர் எதிராக, தூக்கம் வரட்டும், மனம் லேசாகட்டும் என்று டிரிப்டோஃபான் மாத்திரையோ, அதிலிருந்து செரடோனின் உண்டாகும் வழியில் வரும் 5-எச்டிபி மாத்திரையோ வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டாம். 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோஃபான் மாத்திரை சாப்பிட்ட 1,500க்கும் மேற்பட்டோருக்கு ஈஸினோஃபிலியா மயால்ஜியா என்ற கடுமையான தசைவலி நோய் வந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவை ஒரே உற்பத்தியாளரின் சரக்கோடும் அதில் கலந்திருந்த மாசுகளோடும் தொடர்புபட்டவை என்றாலும், ஆட்டோ இம்யூன் நோய் உள்ளவர் இந்தப் பரிசோதனையில் இறங்க எந்தக் காரணமும் இல்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர் என்றால் செரடோனின் மிகையாகும் ஆபத்தும் சேரும்.

அக்காவின் மூட்டு டாக்டரிடம் ஐடிஓ பற்றிக் கேட்பதைவிடக் கேட்க வேண்டிய வேறு கேள்விகள் உண்டு. ஆன்டி சிசிபி பாசிட்டிவா, எவ்வளவு உயரம்? முடக்குவாதத்துக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தைப் போதுமான அளவில், போதுமான மாதங்கள் கொடுத்துப் பார்த்தாயிற்றா? அது போதவில்லை என்றால், பி செல்லைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் அவருக்குப் பொருந்துமா, அதற்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் தடுப்பூசிகளும் முடிந்தனவா? பி செல் பற்றிய அறிவு இன்றைக்கு அக்காவுக்கு உண்மையில் பயன்படக்கூடிய இடம் அதுதான். டாக்டர் சொன்ன பதிலையும் ரிப்போர்ட்டில் உள்ள எண்களையும் இங்கே எழுதினால், அவற்றின் பொருளை விளக்க என்னால் முடியும். மருந்தின் அளவு பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதை அவரைத் தொட்டுப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.